இங்கிலீஷ் இலக்கியமும் மனோதத்துவமும்: சேர்த்துப் படித்தால் என்ன முழுகிப் போகும்?

சர்வகலாசாலையில் இங்கிலீஷ் இலக்கியத்தையும் மனோதத்துவ சாஸ்திரத்தையும் ஒரே பட்டத்துக்காக ஒரே காலத்தில் சேர்த்துப் படிக்கலாம் என்று சொன்னால், நம்மவர்களில் பலர் உடனே சிரித்துவிடுகிறார்கள். இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் இது சாதாரணமாக நடந்து வருகிற காரியம் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் "ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்" என்று பழமொழி சொல்லி முடித்துவிடுகிறார்கள். "இலக்கியம் என்றால் கதையும் பாட்டுந்தானே, அதற்குச் சம்பளம் கட்டிப் படிக்க வேண்டுமா? மனோதத்துவம் என்றால் பைத்தியக்கார ஆஸ்பத்திரி சங்கதி, அது நம் பிள்ளைக்கு எதற்கு?" என்று கேட்கும் பெற்றோர்கள் ஒரு பக்கம். "இரண்டிலும் அரைகுறையாக நிற்பான்" என்று சொல்லும் பண்டிதர்கள் மற்றொரு பக்கம். பெற்றோர்களுடைய கவலை வயிற்றுப் பாட்டைப் பற்றியது. அதற்குப் பின்னால் வருவோம். பண்டிதர்களுடைய ஆட்சேபணையை மாத்திரம் முதலில் எடுத்துக் கொள்ளுவோம். ஏனெனில், அது தலைகீழாக நிற்கிறது என்பதே நம் அபிப்பிராயம். இந்த இரண்டையும் தனித்தனியாகப் படித்து வெளியே வருகிறவன்தான் பெரும்பாலும் அரைகுறையாக நிற்கிறான் என்று நாம் கருதுகின்றோம்.

இந்த இரண்டு படிப்புகளும் ஏதோ ஆதிகாலந்தொட்டுத் தனித்தனியாக இருந்து வந்தவை போலவும், சேர்த்தால் தோஷம் வந்துவிடும் போலவும் பேசுகிறார்களே, அது வாஸ்தவந்தானா? ஜெர்மனியில் லைப்சிக் நகரத்தில் வூண்ட் என்பவர் மனோதத்துவத்துக்கென்று பரிசோதனைச் சாலை வைத்தது 1879இல். ஆக்ஸ்போர்டில் இங்கிலீஷுக்கென்று தனிப் பட்டப் படிப்பு ஏற்பட்டது 1894இல். கேம்பிரிட்ஜில் அதற்குத் தனிப் பரீட்சை ஏற்பட்டது 1917இல். அதுவரையில் அந்த இரண்டு இடங்களிலும் லத்தீனும் கிரீக்கும் படித்தவன்தான் மெய்யாகப் படித்தவன். (நம் நாட்டுக் கதை இதைவிட வேடிக்கை. மெக்காலே 1835இல் குறிப்பு எழுதிய பிறகு இங்கே சர்க்கார் பள்ளிக்கூடங்களில் இங்கிலீஷ் இலக்கியம் பாடமாகிவிட்டது. ஆக்ஸ்போர்டு தன் சொந்தப் பிள்ளைகளுக்குப் பட்டம் கொடுக்க முன்வராத படிப்பை நம்மவர்கள் அதற்கு வெகு காலம் முந்தியே நெட்டுருப் போட்டுக் கொண்டிருந்தார்கள்.) ஆகவே இரண்டும் நேற்றுப் பிறந்த குழந்தைகள். நடுவில் நிற்கிற சுவர் ஆபீஸ் வசதிக்காக எழுப்பப்பட்டது. நாளடைவில் அந்தச் சுவருக்கும் ஒரு மடியும் ஆசாரமும் வந்து சேர்ந்துவிட்டன. அவ்வளவே.

நிற்க, சுவரைத் தாண்டினால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு திருஷ்டாந்தம் சொல்லுகின்றோம்.

கேம்பிரிட்ஜில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் என்று ஒருவர் இருந்தார். 1893இல் பிறந்தவர். இங்கிலீஷ் இலக்கியம் போதிக்க வந்த இவர் இலக்கியத்தில் பட்டம் பெற்றவரல்லர். இவர் தேறியது நீதி சாஸ்திரப் பரீட்சையில். அந்தக் காலத்தில் தர்க்கம், நீதி, மனோதத்துவம் எல்லாம் அங்கே அந்த ஒரே பரீட்சைக்குள் அடங்கியிருந்தன. 1920களில் இவர் ஒரு காரியம் செய்தார். சில பாட்டுகளை அச்சடித்துத் தம் வகுப்புக்கு வருகிறவர்களிடம் கொடுத்தார். பாடியவர் யார் என்பது தாளில் இராது. அதை வீட்டுக்கு எடுத்துப் போய், ஒரு வாரம் வைத்துத் திருப்பித் திருப்பிப் படித்து, மனதில் பட்டதை ஒளிக்காமல் எழுதித் தர வேண்டும். எழுதித் தருகிறவனும் தன் பெயரைக் காட்டிக் கொள்ள வேண்டியதில்லை. பிறகு அந்தத் தாள்களை வைத்துக் கொண்டே பிரசங்கம் செய்வார். இவ்விதம் 13 பாட்டுகளையும், அவற்றுக்கு வந்த அபிப்பிராயங்களையும் தொகுத்து, 1929இல் 'பிராக்டிகல் கிரிடிசிசம்' என்று புஸ்தகமாக வெளியிட்டார்.

வந்த அபிப்பிராயங்களோ, சர்வகலாசாலையின் மானத்தை வாங்கிவிட்டன. எழுதினவர்களில் பெரும்பாலோர் இங்கிலீஷ் இலக்கியத்தையே பிரதான பாடமாக எடுத்துப் படித்தவர்கள், தேசத்திலேயே பொறுக்கியெடுத்த பிள்ளைகள். பெண்களும் அந்த வகுப்பில் இருந்தார்கள். (அந்தப் பெண்களுக்கு, பரீட்சையில் தேறினாலும், 1948 வரையில் கேம்பிரிட்ஜ் பூரணமான பட்டம் கொடுக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகின்றோம்.) இப்பேர்ப்பட்டவர்கள், ஜான் டான், ஹாப்கின்ஸ் முதலிய பெரும்பெயர் பெற்ற கவிகளின் பாட்டுகளை, பெயர் தெரியாத காரணத்தால், 'இது ஒரு பாட்டா?' என்று ஏசினார்கள். இன்றைக்கு எவரும் நினைக்காத சிறு கவிகளின் பாட்டுகளை வானளாவப் புகழ்ந்தார்கள். இதே டானுடைய பெயர் தாளின் அடியில் இருந்திருந்தால் எத்தனை பேருடைய பேனா அப்படி ஓடியிருக்கும்? பெயரைக் கண்டு கும்பிடுகிற புத்தி கோவில் வாசலில் மாத்திரம் இருப்பதாக நாம் எண்ணிக் கொண்டிருக்கிறோம். அது காலேஜ் வகுப்பிலும் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருக்கிறது.

ரிச்சர்ட்ஸ் அவர்களைக் கேலி செய்து விட்டுவிடவில்லை. ஏன் தவறினார்கள் என்று ஒவ்வொரு தாளாகப் பிரித்துப் பார்த்தார். பலருக்குப் பாட்டின் நேரான அர்த்தமே விளங்கவில்லை. சிலர் பாட்டில் ஒரு வார்த்தையைக் கண்டு, தம் சொந்த வாழ்க்கையில் நடந்த எதையோ நினைத்துக் கொண்டு, பாட்டை விட்டுவிட்டு அந்த ஞாபகத்தின் பின்னால் போய்விட்டார்கள். சிலர், தாய் என்றால் இவ்வளவு கண்ணீர், தேசம் என்றால் இவ்வளவு ஆவேசம் என்று முன்கூட்டியே அளந்து வைத்திருக்கிற உணர்ச்சியை எடுத்துக் கொட்டினார்கள். மற்றொரு காரணம் நம் வாசகர்கள் கவனிக்க வேண்டியது. டானுடைய பாட்டு கிறிஸ்தவர்கள் சொல்லும் கடைசி நியாயத் தீர்ப்பு நாளைப் பற்றியது. மத நம்பிக்கையுள்ளவன் அந்த நம்பிக்கைக்காகவே ஒரு பாட்டை நல்ல பாட்டு என்று எண்ணிவிடுவான். நம்பிக்கையில்லாதவன் அந்தக் கொள்கைக்காகவே அதைத் தள்ளிவிடுவான். இருவரும் பாட்டைப் படிக்கவில்லை. இந்த வலையில் நாஸ்திகனும் விழுகிறான் என்பதைச் சொல்ல நமக்கு வெட்கமில்லை. ஒருவன் சொல்லுவதை மறுப்பதற்கு முன் அவன் என்ன சொன்னான் என்று தெரிந்து கொள்ள வேண்டாமா?

இந்தக் காரியத்தை வெறும் இலக்கியப் பண்டிதர் செய்திருப்பாரா என்று கேட்கின்றோம். அவர் தாம் மெச்சிய பாட்டை மேடையில் நின்று மெச்சுவார், கேட்பவன் குறிப்பெடுத்துக் கொள்ளுவான், பரீட்சையில் அதையே திருப்பிக் கொடுப்பான். 'படிக்கிறவன் மனதில் உண்மையில் என்ன நடக்கிறது? பார்த்துவிடுவோமே' என்கிற எண்ணம் மனோதத்துவம் படித்தவனுக்கு வந்த எண்ணம். அதே மாதிரி, வெறும் மனோதத்துவக்காரனும் இதைச் செய்திருக்க மாட்டான். எந்தப் பாட்டைக் கொடுத்தால் எங்கே வழுக்குவார்கள் என்று தெரிய, பாட்டு தெரிந்திருக்க வேண்டும். இதனால் ரிச்சர்ட்ஸ் சொன்னதெல்லாம் வேதவாக்கு என்று நாம் சொல்ல வரவில்லை. 1924இல் அவர் எழுதிய இலக்கிய விமர்சனத் தத்துவப் புஸ்தகத்தில், நல்ல பாட்டு நம் உள்ளத்து வேகங்களை இப்படிச் சமப்படுத்துகிறது, அப்படி ஒழுங்கு செய்கிறது என்று நரம்புகளைப் பற்றியெல்லாம் எழுதிக் கொண்டு போனார். அதை அவர் அளந்து பார்க்கவில்லை. அந்தப் பகுதி மங்கிப் போயிற்று. பெயர் நீக்கிய தாள்களோ நிலைத்துவிட்டன. ஊகத்துக்கும் பரிசோதனைக்கும் உள்ள வித்தியாசத்தை அவர் புஸ்தகங்களிலிருந்தே ஒரு மாணாக்கன் கற்றுக் கொள்ளலாம்.

இனி, அதே கேம்பிரிட்ஜில் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த ஒருவரைப் பார்ப்போம். பிரெடரிக் பார்ட்லெட் என்பவர் 1931இல் அங்கே பரிசோதனை மனோதத்துவத்துக்கு முதல் பேராசிரியர் ஆனவர். அவருக்கு முன் ஞாபக சக்தியைப் பற்றிப் பரிசோதித்தவர்களில் முக்கியமானவர் ஜெர்மனியிலிருந்த எபிங்ஹாஸ். அவர் அர்த்தமில்லாத அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு நாளில் எவ்வளவு மறக்கிறது என்று கணக்கெடுத்து 1885இல் வெளியிட்டார். மெச்சத்தக்க உழைப்புதான். ஆனால் எந்த மனிதன் அர்த்தமில்லாத அசைகளை வைத்துக் கொண்டு வாழ்கிறான்? பார்ட்லெட் அசைகளை விட்டுவிட்டுக் கதையைக் கையில் எடுத்தார். அமெரிக்க ஆதிக்குடிகளிடையே வழங்கிய 'ஆவிகளின் போர்' என்கிற கதை அது. இரண்டு வாலிபர்கள் சீல் என்னும் கடற்பிராணியை வேட்டையாட ஆற்றுக்குப் போகிறார்கள். சண்டைக்குப் போகிற கூட்டத்தார் தோணியில் வந்து கூப்பிடுகிறார்கள். ஒருவன் கூடப் போகிறான். சண்டையில் அடிபடுகிறான், ஆனால் நோவு தெரியவில்லை. 'இவர்கள் ஆவிகள்' என்று எண்ணிக் கொள்ளுகிறான். வீட்டுக்குத் திரும்பி வந்து நடந்ததைச் சொல்லுகிறான். பொழுது விடிந்ததும் அவன் வாயிலிருந்து கறுப்பாக ஏதோ வெளியே வருகிறது, செத்துப் போகிறான்.

இதைப் படித்த இங்கிலீஷ்காரர்களைச் சிறிது நேரம் கழித்தும், சில வாரம் கழித்தும், மாதக் கணக்கில் கழித்தும் நினைவிலிருந்து எழுதச் சொன்னார் பார்ட்லெட். கதை சுருங்கிற்று. சீல் வேட்டை மீன்பிடிப்பாயிற்று. ஆதிக்குடிகளின் தோணி சாதாரணப் படகாயிற்று. தலைப்பிலேயே இருந்த ஆவிகள் பலருடைய கதையில் ஓடிப் போய்விட்டன. புரியாத இடங்களுக்கு ஒவ்வொருவரும் தம் ஊர் வழக்கப்படி காரணம் வைத்துத் தைத்துக் கொண்டார்கள். ஒருவரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் விசேஷம். தமக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது என்று நம்பிக் கொண்டே மாற்றிவிட்டார்கள். 1932இல் இதையெல்லாம் 'நினைவுகூர்தல்' என்று பொருள்படும் புஸ்தகத்தில் எழுதினார். "என் பாட்டனார் கண்ணாலே பார்த்தார்" என்று அற்புதங்களுக்குச் சாட்சி சொல்லுகிறவர்களை நாம் எத்தனையோ ஊர்களில் கண்டிருக்கின்றோம். அவர்களில் பெரும்பாலோர் யோக்கியமானவர்களே. யோக்கியமான பாட்டனார் வாயிலேயே ஒரு கதை எப்படி வளரும், எப்படித் தேயும் என்பதை மேற்படி புஸ்தகம் காட்டுகிறது.

இலக்கியம் படிக்கிற மாணாக்கனுக்கு இதைவிட முக்கியமான பாடம் உண்டா? ஒரு கதை வாய்க்கு வாய் மாறுவது எப்படி, கேட்கிறவன் பழக்கம் கதையை எப்படி வளைக்கிறது என்பது இலக்கியத்தின் அஸ்திவாரக் கேள்வி. ரிச்சர்ட்ஸும் பார்ட்லெட்டும் ஒரே ஊரில் ஒரே காலத்தில் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஒருவருடைய வகுப்பிலிருந்து மற்றவருடைய வகுப்புக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் பரீட்சைப் பட்டியல் வேறு வேறு!

சுவர் இருப்பதால் விளையும் கெடுதலுக்கு ஒரே ஒரு உதாரணம் போதும். 1900இல் வெளியிட்ட கனவு சாஸ்திரத்தில் பிராய்டு என்பவர், ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் தன் சிற்றப்பனைக் கொல்லத் தயங்குவதற்குக் காரணம், தகப்பனைப் போக்கித் தாயை அடைய வேண்டுமென்கிற குழந்தைப் பருவத்து ஆசையைத்தான் அந்தச் சிற்றப்பன் நிறைவேற்றினான் என்பதே என்று சொன்னார். அவருடைய சிஷ்யர் எர்னஸ்ட் ஜோன்ஸ் அதை 1910இல் கட்டுரையாக வளர்த்து, 1949இல் ஒரு முழுப் புஸ்தகமாகவே ஆக்கிவிட்டார். இன்றைக்கு இங்கிலாந்தில் மனோதத்துவப் பகுதிகளில் பிராய்டைப் பெரும்பாலும் சரித்திரமாகத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். இலக்கியப் பகுதிகளிலோ அவர் இன்னும் நடமாடிக் கொண்டிருக்கிறார். ஒரு மாடியில் ஓய்வு கொடுத்து அனுப்பப்பட்டவர் அடுத்த மாடியில் குருவாக இருப்பது, அந்த மாடிக்கும் இந்த மாடிக்கும் படிக்கட்டு இல்லாததனால்தானே? இரண்டையும் படிக்கிற மாணாக்கன் ஒருவன் காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றும் கேட்டுவிட்டு, "ஐயா, இரண்டில் எது சரி? எந்த ஆதாரத்தின் பேரில்?" என்று எழுந்து நின்று கேட்பான். அப்படிக் கேட்பவன் ஒருவன் வகுப்பில் இருந்தால் போதும்.

கணக்குப் போடுகிறவர்கள் மாத்திரம் தப்பு செய்யாதவர்களா? 2013இல் நியூயார்க்கில் கிட், கஸ்டானோ என்னும் இருவர் 'சயின்ஸ்' என்கிற பிரபலமான பத்திரிகையில் ஒரு செய்தி வெளியிட்டார்கள். உயர்ந்த இலக்கியக் கதையிலிருந்து சிறு பகுதியைப் படித்தவர்கள், பிறர் மனதை அறியும் பரீட்சையில், மற்றவர்களைவிட நன்றாகத் தேறினார்களாம். பத்திரிகைகளெல்லாம் கொண்டாடின. இலக்கிய ஆசிரியர்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. 'பார்த்தீர்களா, கதை படித்தால் இதயம் விரிகிறது என்று சயின்ஸே சொல்லிவிட்டது' என்றார்கள். 2016இல் வேறு ஆராய்ச்சியாளர்கள் கூடி, இன்னும் அதிகம் பேரை வைத்து அதே சோதனையைத் திரும்பச் செய்தார்கள். அந்தப் பலன் கிட்டவில்லை. வாழ்நாள் முழுதும் கதை படித்துப் பழகினவர்கள் அந்தப் பரீட்சையில் நன்றாகச் செய்கிறார்கள் என்பது மட்டும் நின்றது. ஆனால் கதை படித்ததனால் பிறர் மனதை அறிந்தார்களா, பிறர் மனதில் அக்கறையுள்ளவர்கள்தான் கதை படிக்கிறார்களா என்பதை அது சொல்லாது.

2015இல் இன்னும் பெரிய சங்கதி ஒன்று வந்தது. மனோதத்துவப் பத்திரிகைகளில் வெளியான 100 சோதனைகளைப் பலர் சேர்ந்து மறுபடியும் செய்து பார்த்தார்கள். முதலில் ஏறக்குறைய எல்லாமே ஜயம் என்று சொல்லப்பட்டவை. மறுபடி செய்ததில் 36 சதவிகிதந்தான் அவ்விதம் நின்றன. இதைக் கேட்டவுடன் 'சயின்ஸும் பொய்தான்' என்று குதிக்கிற புராணிகர்களுக்கு ஒன்று சொல்லுகின்றோம். இந்தக் குற்றத்தைக் கண்டுபிடித்து உலகத்துக்குச் சொன்னவர்கள் அதே சாஸ்திரக்காரர்கள்தாம். எந்த மடத்தில் இப்படி வருஷாந்தரக் கணக்குப் பார்க்கிறார்கள்?

இந்த இடத்தில் இலக்கியம் படித்தவனுக்கும் ஒரு வேலை உண்டு. மேற்படி 'மனதை அறியும்' பரீட்சை என்னவென்று பார்த்தால், மனிதர்களின் கண்களை மட்டும் காட்டும் 36 படங்களைக் கொடுத்து, அந்தக் கண்ணில் தெரிகிற உணர்ச்சிக்கு நாலு வார்த்தைகளில் ஒன்றைப் பொறுக்கச் சொல்லுவதுதான். நல்ல நாவல் நாலு படித்தவன், 'ஐயா, ஒரு மனிதனை அறிவதென்பது இவ்வளவுதானா? சிரித்துக் கொண்டே துரோகம் செய்கிறவனை இந்தப் படத்தில் எப்படிப் பிடிப்பது?' என்று கேட்பான். கணக்கு சரியாக இருக்கலாம். அளந்த பொருள் எது என்று கேட்கிறவனும் அறையில் இருக்க வேண்டும்.

இனி வயிற்றுப்பாட்டுக்கு வருவோம். "இதெல்லாம் பணக்காரப் பிள்ளைகள் பொழுதுபோக்குக்குப் படிக்கிற படிப்பு, நமக்கு ஏன்?" என்பது நம் தோழர்களில் பலருடைய எண்ணம். இதை நாம் ஒப்புக் கொள்ளுவதற்கில்லை. இங்கிலாந்தில் ஸ்டாபோர்ட்ஷயர் ஜில்லாவின் வடபாகம், பீங்கான் சூளைகளும் நிலக்கரிச் சுரங்கங்களும் நிறைந்த இடம். அங்கே லாங்டன் என்ற ஊரில் 1908இல் டானி என்கிற அறிஞர், தொழிலாளர் கல்விச் சங்கத்தின் சார்பில், வேலை முடிந்து வருகிற தொழிலாளிகளுக்குச் சர்வகலாசாலைத் தரத்தில் வகுப்பு நடத்தினார். அந்தப் பக்கத்தில் இம்மாதிரி வகுப்புகளில் வேர்விட்ட ஆசைதான், நாற்பது வருஷம் கழித்து, 1949இல் கீல் என்ற இடத்தில் ஒரு சர்வகலாசாலைக் கல்லூரியாக முளைத்தது. ஆக்ஸ்போர்டில் பெரிய பதவி வகித்த லிண்ட்ஸே என்பவர் அதற்கு முதல் தலைவராக வந்தார். அங்கே முதல் வருஷம் எல்லாரும் எல்லாவற்றிலும் கொஞ்சம் படிக்க வேண்டும். பிறகு இரண்டு பிரதான பாடங்கள், இரண்டுக்கும் சம மதிப்பு. 1962இல் அது முழுச் சர்வகலாசாலையாயிற்று. அந்த நாலு வருஷ ஏற்பாடு பிற்காலத்தில் மாறிவிட்டாலும், இரட்டைப் பாடம் நிலைத்தது. இலக்கியமும் மனோதத்துவமும் அப்படிச் சேர்த்துப் படிக்கத்தக்க ஜோடிகளில் ஒன்றாயின. பானை செய்கிறவனும் கரி வெட்டுகிறவனும் கேட்டு வாங்கிய கல்லூரியில், 'உங்களுக்கு ஒரு தொழிலை மாத்திரம் கற்றுக் கொடுத்தால் போதும்' என்று சொல்லவில்லை. நம் வீட்டுப் பிள்ளைக்கு மாத்திரம் ஏன் சொல்ல வேண்டும்? அதிலும் பெண் பிள்ளையாயிருந்தால், 'கதை படிக்கிற படிப்பு, கலியாணம் ஆகிறவரையில் படிக்கட்டும்' என்று இளக்காரமாகப் பேசுகிறார்களே, அவர்களுடன் வாதாட நமக்கு இங்கே இடமில்லை. இங்கேயும் 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு ஒரே சமயத்தில் இரண்டு பட்டங்கள் படிக்க வழிவிட்டிருக்கிறது.

மற்றபடி, ஏமாறாமல் இருக்கச் சில விஷயங்களைத் தெரிந்து கொள்ள வேண்டும். மனோதத்துவத்தில் பாதி வேலை புள்ளிவிவரக் கணக்கு. கணக்குக்குப் பயந்து இலக்கியத்துக்கு ஓடுகிற பிள்ளை, இந்தச் சேர்க்கையில் கணக்கின் மடியிலேயே போய் விழுவான். இதை முன்னாலேயே அவனுக்குச் சொல்லிவிட வேண்டும். இந்தப் பட்டம் பெற்றவுடனே எவரும் மனோதத்துவ வைத்தியராகிவிட முடியாது. அதற்கு மேற்கொண்டு பல வருஷப் பயிற்சி வேண்டும். வாத்தியார் வேலை, பத்திரிகை, புஸ்தகப் பதிப்பு, பேச்சுக் குறைபாடுகளுக்குச் சிகிச்சை செய்யும் தொழில் ஆகியவற்றுக்குப் போகிறவர்களுக்கு இந்தச் சேர்க்கை கைகொடுக்கும். அவற்றிலும் சிலதற்கு மேற்படிப்பு உண்டு.

இங்கிலாந்தில் போய்ப் படிக்கிறவர்கள் சேருவதற்கு முன் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும். அங்கே பிரிட்டிஷ் மனோதத்துவச் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. பிற்காலத்தில் மனோதத்துவத் தொழிலில் நுழைய விரும்புகிறவனுடைய பட்டத்தை அந்தச் சங்கம் அங்கீகரித்திருக்க வேண்டும். இரட்டைப் பாடப் பட்டமாயிருந்தால், ஏறக்குறையப் பாதிக்குக் குறையாமல் மனோதத்துவமும், அதில் மாணாக்கன் தானே செய்த ஓர் ஆராய்ச்சியும் இருக்க வேண்டும். சில இடங்களில் கடைசி வருஷ ஆராய்ச்சியை இரண்டு பாடங்களில் எதில் வேண்டுமானாலும் செய்யலாம் என்று விட்டிருப்பார்கள். அதை இலக்கியத்தில் செய்துவிட்டால் அங்கீகாரம் போய்விடும். அப்படி விட்டவர்களுக்கென்று ஒரு வருஷ மாற்றுப் படிப்பு அங்கே தனியாக நடக்கிறது. அதற்குச் சம்பளமும் தனி.